ஒன்பது மீட்டரில் ஒருவர்

லாரி முற்றத்துக்குள் டெக்னீஷியன் நுழைந்தபோது பகல் பன்னிரண்டு மணி. தூறல் விட்டபாடில்லை. மற்ற லாரிகள் எல்லாம் ஒதுங்கிக்கொண்ட மாதிரி, பத்தாம் நம்பர் மட்டும் நடுவில் தனியாக நின்றது.

"வாய்யா டாக்டர்," என்றார் மேஸ்திரி, கிரீஸ் கையைத் துடைத்தபடி. "உன் பேஷன்ட் காலையிலேர்ந்து அடம் பிடிக்குது. ரெண்டடி நகர்த்தினா போதும், தானா பிரேக்கைப் போட்டுக்குது. முன்னாடி ஈ காக்கா கிடையாது. மூணு டிரைவருங்க சாவியை என் கையில திணிச்சுட்டு ஓடிட்டானுங்க."

"ரேடார் மேல சேறு அப்பியிருக்கும்."

"தொடைச்சாச்சு. ரெண்டு தடவை."

முன் பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புச் சதுரம். அதுதான் ரேடார். எதிரே ஆளோ வண்டியோ இருந்தால், டிரைவர் அசந்தாலும் அது அசராமல் பிரேக் போடும். அதைப் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. ஆனால் எட்டு மாதமாக இந்த லாரி இருக்கும் திசையில் அவன் தலைவைத்துப் படுத்ததில்லை.

காரணம் அவனுக்கு மட்டும் தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன் இதை ஓட்டியவர் அவனுடைய மாமா, அக்காவின் கணவர். "வேகத்தடைக்கெல்லாம் பிரேக் போட்டு உயிரை வாங்குதுடா" என்று புலம்பினார். முறைப்படி என்றால் எதிரே உலோகத் தகடு நிறுத்தி, அளந்து, கோணம் பார்க்க வேண்டும். மூன்று மணி நேர வேலை. அவனோ திருகாணியை இரண்டே சுற்று சுற்றி, ரேடாரின் முகத்தை மேலே தூக்கிவிட்டான். மாமாவிடம் 'சரி பண்ணிட்டேன்' என்று மட்டும் சொன்னான். அதோடு தொல்லை ஒழிந்தது. தரையை ஒட்டிய எதுவும் அதன் கண்ணில் படவில்லை.

நான்காம் நாள், சாலையோரம் குந்தியபடி டயர் கழற்றிக்கொண்டிருந்த பஞ்சர்காரரும் படவில்லை. லாரி அவர் மேல் ஏறி இறங்கியது.

விசாரணைக்கு ஆள் வருமுன் அவன் திருகாணியைப் பழையபடி திருப்பிவிட்டு, 'ரேடார் சரியாக இருந்தது' என்று எழுதிக் கொடுத்தான். பழி மொத்தமும் டிரைவர் தலையில் விழுந்தது. மாமா ஜெயிலில். நாளை தீர்ப்பு.

மேஸ்திரி ஏறி சாவியைத் திருப்பினார். அவன் பம்பருக்கு முன் குந்தி லேப்டாப்பைச் செருகினான். திரையில் ஒரே ஒரு புள்ளி.

ஒன்பது மீட்டர். அசையாத பொருள்.

நிமிர்ந்து பார்த்தான். வெறும் சிமென்ட் தரை. ரேடாரைக் கழற்றிப் புத்தம் புதியதை மாட்டினான்.

ஒன்பது மீட்டர்.

அப்போதுதான் கவனித்தான். முற்றம் முழுக்க நனைந்திருக்க, சரியாக அந்த இடத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குத் தரை காய்ந்து கிடந்தது. அதற்கு மேலே, இடுப்பு உயரத்தில், தூறல் எதன் மீதோ பட்டுச் சிதறிக்கொண்டிருந்தது.

குந்தியிருக்கும் ஓர் ஆளின் உயரம்.

போன் அலறியது. அக்கா.

"டேய், நாளைக்குத் தீர்ப்புடா. ரேடார்லதான் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடேன். உன் கால்ல வேணா விழறேன்."

"இல்லாததை எப்படிக்கா எழுதறது? எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

காய்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

லாரியின் கட்டுப்பாட்டுப் பெட்டி எதையும் மறப்பதில்லை. ரேடாரின் முகத்தை அவன் தூக்கிய தேதியும் கோணமும் அதில் அப்படியே இருந்தன. அவன் அறிக்கையை நம்பி, அதற்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இனி பார்த்துவிட்டால்?

அழித்தான்.

புள்ளி நகர்ந்தது.

ஏழு மீட்டர்.

நாலு.

நனைந்த தரையில் நட்டைத் திருகும் ஸ்பேனரின் சத்தம். கிர்ரிக். கிர்ரிக். சூடான ரப்பரும் பஞ்சர் ஒட்டும் பசையும் கலந்த நெடி மூக்கில் ஏறியது.

ஒன்று.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். முழங்காலோடு முழங்கால் இடிக்க, எதிரே யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"என்னய்யா, தூங்கிட்டியா?" மேஸ்திரியின் குரல்.

கண்ணைத் திறந்தான். யாரும் இல்லை. திரையிலும் புள்ளி இல்லை.

"சரியாயிடுச்சு," என்றான்.

"அப்ப வழக்கம்போல போய் நில்லு."

பழுது பார்த்தவனே வண்டிக்கு எதிரே நின்று சோதிப்பது இந்தத் தொழிலின் வழக்கம். நூறு தடவை நின்றிருக்கிறான். மேஸ்திரி காலை பிரேக்கின் மேல் தயாராக வைத்துக்கொண்டு, நடை வேகத்தில் லாரியை விட்டார்.

லாரி வந்தது.

வந்துகொண்டே இருந்தது.

பம்பர் அவன் தொடையில் முட்டிய கணத்தில் மேஸ்திரி பிரேக்கை ஓங்கி மிதித்தார். குதித்து இறங்கினார். "யோவ்! ஒரு பீப்கூட வரலைய்யா!" சொல்லிக்கொண்டே பம்பருக்கு முன்னால் வந்தார்.

பீப். பீப். பீப்.

அவர் விலகினார். சத்தம் நின்றது. அவன் மட்டும் நின்றான். மௌனம்.

மேஸ்திரி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டடி பின்வாங்கினார். "எனக்கு எதுவும் தெரிய வேணாம். நீ மொதல்ல இடத்தைக் காலி பண்ணு."

அறிக்கையை ஆபீசில் கொடுத்தால்தான் வெளியே போக முடியும். 'பழுது நீங்கியது' என்று கிறுக்கிக்கொண்டு ஓடினான். ஆபீசின் கண்ணாடிக் கதவு, ஆள் வந்தால் தானே திறக்கும் ரகம்.

திறக்கவில்லை.

கையை ஆட்டினான். குதித்தான். கதவு அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. கண்ணாடியை ஓங்கித் தட்டியபோது ரிசப்ஷன் பெண் நிமிர்ந்து, உள்ளிருந்த பொத்தானை அழுத்தினாள்.

"என்ன சார், இப்பதான் உங்க கூட வந்தவருக்குத் தானா திறந்துச்சு?"

"யார்... கூட வந்தவர்?"

"அதோ." மூலையைக் காட்டினாள். அவன் கண்ணுக்கு வெறும் சுவர். "சேர்ல உக்காருங்கன்னா கேக்கலை. தரையிலேயே குந்திக்கிட்டார்."

வெளியே, நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்துகொண்டு போயின.

"அவசரமில்லையாம் சார், மெதுவாவே முடிச்சுட்டு வரச் சொல்றார்," என்றாள் அவள். "உங்களைக் கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்ட வைக்கணுமாம்."