ஹாகன் பண்ணையின் குரல்கள்

ஹாகன் பண்ணையில் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. கன்றைப் பிரித்த பிறகு தாய்மாடு தொண்டை கட்டும்வரை கத்துமே, அந்தக் கத்தல். மார்லா ஸ்டென்சன் பண்ணை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் உள்ளே வரும்போது பட்டிகளைப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். எல்லாம் காலி. பனியில் ஒரு குளம்புத் தடம்கூட இல்லை.

"மாட்டையெல்லாம் அக்டோபர்லயே வித்தாச்சுன்னு சொன்னீங்களே மாமா?"

"வித்தாச்சு. கடைசிக் கன்னு வரைக்கும்." ஆர்லோ ஹாகன் அவளுக்குக் காப்பி ஊற்றினார். "குடி. உங்கப்பன் இதக் குடிச்சிட்டு, பாத்திரம் கழுவுன தண்ணியாடான்னு கேப்பான்."

மார்லா சிரித்தாள். வெளியே சத்தம் நிற்கவில்லை. அவரோ அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வட்டாரத்துப் பண்ணைக் குடும்பங்களின் பழைய படங்களையும் பேச்சையும் சேகரித்து வைக்கும் சின்ன அருங்காட்சியகம் ஒன்றில் அவளுக்கு வேலை. ஒரு குடும்பத்தின் பெட்டிகள் நிலவறையில் நனைந்து கூழாகிப் போயின. இன்னொரு குடும்பத்துடையதைப் பேரப்பிள்ளைகள் குப்பையோடு கொளுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஹாகன் குடும்பம். அதிலும் ஆர்லோ ஒற்றை ஆள், எண்பதை நெருங்கியவர், கல்யாணம் கட்டாதவர். வெளியூர்க் கம்பெனி ஒன்று நிலத்தை வாங்கிவிட்டது. வசந்தத்தில் வீட்டை இடிக்கப் போகிறார்கள். எத்தனையோ வருஷமாக மறுத்துக்கொண்டிருந்த மனிதர், போன வாரம் தானே போன் செய்து, "வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போ" என்றார்.

முன்னறையில் நிலக்கரிப் புகையும் எலி வாடையும் பழைய சேணத் தோலின் மணமும் கலந்து கிடந்தன. அவற்றுக்கு மேல் மூக்கைக் குத்தியது ஒரு வினிகர் நெடி. ஒலிநாடா மட்கத் தொடங்கினால் அப்படித்தான் நாறும். ஆர்லோவின் அக்கா டெல்லா அந்தக் காலத்தில் வீட்டில் ஒவ்வொருவரையும் பேசவைத்துப் பதிவு செய்த நாடாச் சுருள்கள் அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. எதுவாவது பிழைத்திருக்கிறதா என்று பார்க்க, ஒன்றை எடுத்துத் தான் கொண்டுவந்த ஒலிநாடாக் கருவியில் மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்தாள் மார்லா.

இரைச்சல். பிறகு ஒரு ஆணின் கனத்த குரல். ஆர்லோவின் அப்பா.

"கண்ணுக்கு எதுவும் தெரியல, எங்க பாத்தாலும் வெள்ளை. உன் தம்பி நெல்ஸ் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் போனேன், சின்னப் புள்ள. கேட் சங்கிலி உறைஞ்சு கெடந்துச்சு. ரெண்டு கையும் வேணும். இங்கயே நில்லுடா, தொறந்துட்டு வர்றேன்னு... கைய விட்டேன். திரும்புனா புள்ளயக் காணோம்."

மறுபடி நாடா இரைச்சல். அதன் அடியில் எங்கோ மாடுகள். பிறகு, மிகத் தெளிவாக, ஒரு குழந்தை:

"அப்பா, தொறந்தாச்சா?"

"டெல்லா, ஜன்னலச் சாத்து," என்றது ஆணின் குரல். நாற்காலி இழுபடும் சத்தம். கதவு திறந்து காற்று உள்ளே புகும் சத்தம். "அப்பா, போகாதீங்கப்பா!" என்று ஒரு பெண் அலறினாள். அதற்குப் பிறகு காற்று மட்டும். நாடா ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த யாரும் வரவில்லை.

மார்லா ஹெட்போனைக் கழற்றினாள்.

"அப்பா, தொறந்தாச்சா?"

ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

சாயங்காலம் வரும் என்றிருந்த பனிப்புயல் நடுப்பகலிலேயே வந்துவிட்டிருந்தது. அவளுடைய வண்டி தெரியவில்லை. வேலி தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து மாடுகள் கத்தின, ஒன்று மாற்றி ஒன்றாக. இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவை மாடுகள் அல்ல. கத்திக் கத்தித் தொண்டை போன மனிதர்கள்.

சமையலறை வாசற்படியில் ஆர்லோ நின்றார். கோட்டு மாட்டியிருந்தார். தொப்பி இல்லை.

"அன்னிக்கு அப்பா அந்தக் குரல் பின்னாடி போனாரு. அடுத்த பனிக்கு அம்மா. அக்காதான் ரொம்ப நாள் தாக்குப் புடிச்சா."

"மாமா, உள்ள வந்து உக்காருங்க. நான் யாரையாச்சும் கூப்புடுறேன்." அவள் போனை எடுத்தாள். அதில் சிக்னல் இல்லை.

"மாடு இருந்த வரைக்கும் தீவனம் போட ஆள் வேணுமேன்னு காதப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். இனிமே யாருக்காக?"

அவள் அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களப் போக விடமாட்டேன்."

"பெட்டிய வண்டியில ஏத்திக்க, தாயி. இப்படி ஒரு குடும்பம் இருந்துச்சுன்னு அந்த நாடாவாச்சும் சொல்லட்டும்." ஒவ்வொரு விரலாக, வலிக்காமல், அவளுடைய பிடியை விடுவித்தார்.

சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. பட்டிப் பக்கம் சங்கிலி ஒன்று குலுங்கியது. உடனே எல்லாக் கத்தலும் நின்றது.

அந்த அமைதியில் அடுப்புக்கரி நொறுங்குவதுகூடக் கேட்டது. மார்லா அசையாமல் நின்றாள்.

பிறகு பின்வாசலில் காலடிகள். வேலை முடிந்து சாப்பிட வருகிறவர்கள் படியில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதறுவார்களே, அது போல. ஒருவர் அல்ல. பலர். கடைசியில் சின்னக் கால்கள்.

கைப்பிடி திரும்பியது.

அவள் பெட்டியை அள்ளிக்கொண்டு முன்கதவு வழியாக ஓடினாள். பனி முகத்தில் அறைந்தது. ஒரு கையால் வேலிக் கம்பியைத் தடவிக்கொண்டு போனாள். கம்பி முடிந்தது. கேட். அந்தப் பக்கம் அவளுடைய வண்டி, மங்கலாக.

கேட் மூடியிருந்தது. சங்கிலி உறைந்திருந்தது.

பெட்டியைக் கீழே வைத்தாள். கையுறைகளைக் கழற்றினாள். இரண்டு கைகளாலும் இழுத்தாள். விரல்தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது.

கோட்டின் பின்முனையை யாரோ பற்றினார்கள். கீழிருந்து. இலேசாக.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

சிறுவன். அவன் கையைப் பிடித்தபடி ஒரு ஆண். அவருடைய மறு கையைப் பிடித்தபடி ஒரு பெண். அவளுக்கும் பின்னால் இன்னொருத்தி. கடைசியில் ஆர்லோ. அவர் முகத்தில் விழுந்த பனி உருகவில்லை. எல்லாருடைய வாய்களும் திறந்திருந்தன. உள்ளே நாக்கு இல்லை, பனி அடைத்திருந்தது. வரிசையாக, பொறுமையாக, கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காற்றில் பெட்டியின் மூடி பறந்தது. நாடாக்கள் சுருள் பிரிந்து, பழுப்புக் கோடுகளாக, வெள்ளைக்குள் போய்க்கொண்டே இருந்தன.

சிறுவன் கோட்டை விட்டுவிட்டு, அந்தச் சின்னக் கையை அவளை நோக்கி நீட்டினான்.