வால்வு ஏன் குளிர்கிறது?

சின்னையாவின் பிணத்தை ஈ மொய்த்தது. ஆள் மொய்க்கவில்லை.

ஜப்பான்காரனுக்கு ஆள் காட்டிப் பிழைத்தவனுக்காக ஜெலுத்தோங் சந்தில் யார் அழுவார்கள்?

'குத்தியவன் சைக்கிளில் பறந்தான்.' அவ்வளவுதான் சாட்சி. ஜப்பான் ராணுவப் போலீஸான கெம்பித்தாயின் சார்ஜெண்ட் வந்துகொண்டிருக்கிறான். அவன் கையில் எவன் சிக்கினாலும்... தலை தரையில்!

கான்ஸ்டபிள் நல்லமுத்து தன் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, பக்கத்திலிருந்த தங்கராஜுவின் சைக்கிள் ரிப்பேர் கடைக்குள் நுழைந்தார்.

"எங்கடா போயிருந்த?"

"எங்கயும் இல்லண்ணே. என் சைக்கிள் பஞ்சராகி ரொம்ப நாளாச்சு. சப்பையா கிடக்கு, பாருங்கலா. இந்த ஜப்பான் காலத்துல ட்யூப்புக்கு எங்க போறது? சந்துல எவன் சைக்கிள்தான் ஓடுது?"

டயர் சப்பைதான். நல்லமுத்து குனிந்து வால்வைத் தொட்டார்.

ஜில்!

"தங்கராஜு... காத்தை அமுக்கி அடைச்சா பம்பு சுடும். அமுங்கின காத்தைத் திறந்து விட்டா வால்வு குளுந்து போகும். உனக்குத் தெரியாததா? இப்பத்தானே புடுங்கி விட்ட?"

தங்கராஜு வாசலை எட்டிப் பார்த்தான்.

"அந்தச் சின்னையா சாக்குப் பைக்குள்ள மூஞ்சிய மறைச்சுக்கிட்டு எங்கப்பாவக் கை காட்டினான்ணே. உங்க தம்பியையும்தான்..."

தம்பியை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றியபோது, காக்கியில் நின்று நல்லமுத்து சல்யூட்தான் அடித்தார்.

சந்து முனையில் பூட்ஸ் சத்தம்...

"அந்த சார்ஜெண்ட் பட்டாளத்துல லாரி டயர் மாத்தினவன்டா. தொட்டான்னா கண்டுபிடிச்சிருவான்."

வால்வை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். சூடேறும்வரை விடவில்லை.

சார்ஜெண்ட் உள்ளே வந்தான். உடைந்த மலாயில் உறுமினான்.

"இவனா?"

"இல்ல துவான். இவன் சைக்கிள் ஓடி ரொம்ப நாளாச்சு. தினம் நானே பாக்கறேன்."

சார்ஜெண்ட் டயரை அமுக்கினான். வால்வைத் தொட்டான். வெதுவெதுப்பு... தலையாட்டினான்.

தங்கராஜு தப்பித்தான்!

"சரி. இந்தச் சந்துல ஓடற சைக்கிள் யார்கிட்ட இருக்கு?"

தங்கராஜுவின் கண் வாசலுக்குப் போய், சுவரில் சாய்ந்திருந்த நல்லமுத்துவின் சைக்கிள் மேல் நின்றது.

நல்லமுத்து அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

சார்ஜெண்ட் வெளியே போய் அந்த டயரையும் அமுக்கினான். காற்று நிறைந்து, கல்!

"சின்னையா புடிச்சுக் குடுத்தது உன் தம்பியத்தானே?" என்று சிரித்தபடியே நல்லமுத்துவின் தொப்பியைக் கழற்றினான்.

அந்த டயருக்கு நேற்றுக் காற்றடித்துக் கொடுத்தது தங்கராஜுதான். போலீஸ் அண்ணனாச்சே என்று காசுகூட வாங்கவில்லை!