எதிர்மேசை ரயில்

மாசிலாமணி காலையில் எழுந்ததும் பாலை நினைத்தார், பால் காய்ந்தது. குளியலறை விளக்கை நினைத்தார், எரிந்தது. எதிர்வீட்டு அறவாழியை நினைத்தார், வயிறு எரிந்தது.

முதல் இரண்டும் நினைவோட்டியின் வேலை. செவ்வாயின் சுரங்கக் குடியிருப்பில் பிறக்கும் குழந்தைக்கும், பூமியிலிருந்து வந்து இறங்கும் பெரியவர்களுக்கும் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் அதைப் பதித்துவிடுவார்கள். எந்தக் கருவியை நினைக்கிறோமோ அதற்குக் கட்டளை போய்ச் சேரும். அந்த அலையை வெளியே விடாதபடி வீட்டுச் சுவர்கள் கட்டப்பட்டிருந்ததால், ஒரு வீட்டின் நினைப்பு இன்னொரு வீட்டின் அடுப்பைப் பற்றவைக்காது. மூன்றாவது எரிச்சலுக்கு மட்டும் எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. அது பூமியிலிருந்து ஆட்களோடு ஆளாக வந்து இறங்கியது.

அங்கே நினைப்பு சிதறுவது ஆபத்து. காற்றுக் கதவருகே நின்று கனவு காண்பவன் குடியிருப்பையே காலி செய்துவிடுவான். ஆகவே மனத்தை ஒருமுகப்படுத்தப் பழக்குவதற்காக நிர்வாகக் குழு பொம்மை ரயிலை ஊக்குவித்தது. ஒரு பலகை, அதன்மேல் பல வளையங்களாகத் தண்டவாளம், வளையத்துக்கு ஒரு வண்டி. அத்தனை வண்டிகளையும் ஒரே ஆள் நினைப்பாலேயே ஓட்ட வேண்டும். ஆண்டு விழாவில் மோதாமல் அதிகச் சுற்று ஓட்டுகிறவருக்கு மேல்தளத்தில் ஜன்னல் வைத்த வீடு.

மாசிலாமணியின் மனைவி திருமகள் அந்த ஜன்னலைத் தவிர வாழ்க்கையில் வேறெதையும் கேட்டதில்லை. கல்யாணமாகிச் சுரங்கத்துக்குள் இறங்கிய நாளோடு அவள் வானம் பார்ப்பது நின்றுபோயிருந்தது. சிவப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தலைக்கு மேலே பாறையில்லாமல் ஏதாவது தெரிந்தால் போதும் என்பாள். மாசிலாமணிக்கும் அவள்மீது ஆசைதான். அதனால்தான் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, மூன்று வளையங்களுக்கும் தனித்தனியாக மின்கம்பி இழுத்து, வளையங்கள் கூடுகிற இடத்தில் தண்டவாளத்தை நூலளவு வெட்டி, ஒன்றின் மின்சாரம் மற்றொன்றில் கலக்காதபடி நெகிழித் துண்டு வைத்து, ஆசையாசையாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அறவாழி தன் பலகையைப் பார்க்கக் கூப்பிட்டார். நீர்நிலையத்தில் வேலை பார்ப்பவர், சிரித்த முகம். அவருடைய பலகையில் ஐந்து வளையங்கள். பாலம் வேறு, மலையைக் குடைந்து ஒரு பாதை வேறு. குனிந்து அடியில் பார்த்தால் கம்பிகள்கூடத் தலைவாரிப் பின்னியது போலக் கிடந்தன. ஏதாவது ஓர் ஒட்டு விட்டுப்போயிருக்காதா என்று மாசிலாமணி தேடித் தேடிப் பார்த்தார். இல்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே தன் மூன்று வளையங்களையும் பிய்த்துப் போட்டார். நன்றாகத்தானே ஓடியது என்றாள் திருமகள்.

"அவனோடது அஞ்சு" என்றார் மாசிலாமணி.

அவசரத்தில் நாலாவது வளையத்துக்குக் கம்பிகளை மாற்றிக் கொடுத்துவிட்டார். முன்னே போக வேண்டிய வண்டி இணைப்பைத் தாண்டியதும் பின்னே வந்தது. படாரென்று வெடித்து வீட்டு மின்சாரமே நின்றுபோனது. இருட்டில் உட்கார்ந்தபோதும் அவர் யோசித்தது, இந்தச் சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்குமா என்பதுதான். ஆனாலும் விடாப்பிடியாகச் சரிசெய்து ஐந்தையும் ஓடவிட்டார். அறவாழி வந்து பார்த்து, இந்த வளைவு தனக்கு வராது என்று வாய்விட்டுப் பாராட்டினார். கிண்டல் பண்ணுகிறான் என்று எடுத்துக்கொண்டார் மாசிலாமணி.

இறுதிப் போட்டிக்கு இவர்கள் இருவரும்தான் மிஞ்சினார்கள். வழக்கமாக இரண்டு மேசைகளுக்கும் நடுவே அலையைத் தடுக்கும் திரை ஒன்று நிற்கும். போன முறை திரை மறைக்கிறது என்று பின்வரிசைக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டதால், இந்த முறை அதை எடுத்துவிட்டார்கள். வண்டிக்கு வண்டி எண் இருக்கிறது, அவரவர் தன் வண்டியைத்தானே நினைக்கப்போகிறார் என்று ஏற்பாட்டாளர்கள் நம்பினார்கள். மனித இனத்தைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் அவர்களுக்கு.

மணி அடித்ததும் மாசிலாமணி எதிர்மேசையைப் பார்த்தார். அறவாழியின் சரக்கு வண்டியும் நீல வண்டியும் ஒரே இணைப்பை நோக்கி வந்தன. இதோ, இந்த இடத்தில்தான் இடிக்கப் போகிறது என்று கண்கொட்டாமல் காத்திருந்தார். நீல வண்டி பதமாக நின்றது. சரக்கு வண்டி தாண்டிப் போனது. சரி, பாலத்தில் கவிழும் என்று பார்த்தார். வேகம் குறைந்து அழகாகக் கடந்தது. ஐந்து வண்டிகளுக்கும் விபத்து நேரக்கூடிய இடங்களை ஒன்றுவிடாமல் கண்டுபிடித்தார்; ஒன்றாவது நடக்க வேண்டுமே. பாதி நேரத்துக்கு மேல் ஆனபின்தான் தனக்கும் ஒரு பலகை இருப்பது ஞாபகம் வந்து, பதறித் திரும்பினார். அவருடைய ஐந்து வண்டிகளும் தேர் போல ஓடிக்கொண்டிருந்தன. மனசு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடி எதிர்ப்பக்கம் திரும்பினார்.

மோதலே இல்லாமல் ஒரு போட்டி முடிந்தது அதுதான் முதல் தடவை. மாசிலாமணியின் மேசை நான்கு சுற்று கூடுதல் என்றார்கள். திருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அறவாழியின் முகம் எப்படி வாடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நடுவர் முத்தழகி இரண்டு நினைவோட்டிகளின் பதிவையும் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"உங்க வண்டிகளை ஓட்டினது நீங்க இல்லை சார். எதிர்மேசைக்காரர். அவரோடதை ஓட்டினது நீங்க."

மோதல் வரும் இடத்தை எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறோமோ அவ்வளவு துல்லியமாக வண்டியை நிறுத்துவது நினைவோட்டியின் அமைப்பு என்று அவர் விளக்கினார். மோதக் கூடாது என்று கவனிக்கிறவரையும், மோதித் தொலையட்டும் என்று கவனிக்கிறவரையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இனிப் பரிசு. முன்பு ஒருவர் இயந்திரனை வைத்து ஓட்டிப் பரிசு வாங்கிப் போனதிலிருந்து விதி தெளிவாக இருந்தது: பரிசு ஓட்டியவருக்கு, மேசைக்கு அல்ல. ஆகவே ஜன்னல் வீடு அறவாழிக்கு.

இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். கதவைச் சாத்தியபின் திருமகள் சொன்னாள்:

"எரிச்சல்படறதுலயாவது ஜெயிச்சிருக்கக் கூடாதாங்க?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. அவமானத்தைவிட, நான்கு சுற்று வித்தியாசம்தான் அவரை அரித்தது. மோதலில்லாத ஓட்டத்தைப் பார்த்துச் சொக்கிப்போன நிர்வாகக் குழு, இனித் திரையே கிடையாது என்று அறிவித்துவிட்டது. அப்படியானால் பயிற்சி எதில் என்று அவருக்குப் புரிந்தது. தன் பலகையைத் துணி போட்டு மூடினார். மூன்று வேளையும் அறவாழியையே நினைத்தார்.

மேல்தளப் புதுமனைக்கு அறவாழி இருவரையும் அழைத்தார். மாசிலாமணி போகவில்லை, திருமகள் மட்டும் போய், வெகுநேரம் கழித்து மலர்ந்த முகத்தோடு திரும்பினாள். வானம் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை.

"அவன் என்ன பண்றான்?" என்றார்.

"ஜன்னலுக்கு முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கார். ஒரு தடவைகூட வெளியே பார்க்கலை. நீங்க வீட்டுல என்ன பண்றீங்க, இப்ப எத்தனை வளையம்னு அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தார்."

மாசிலாமணி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"பாவி, அதுக்குள்ள பயிற்சியை ஆரம்பிச்சுட்டானா?"