அடகு வைத்த ரசமட்டம்

பதினெட்டு ரூபாய் குறைந்தது. மாத்திரைக்கும் ஆவி பிடிக்கும் மருந்துக்கும் சேர்த்து அறுபத்தெட்டு. ஜவஹரின் பையில் இருந்தது ஐம்பதுதான்.

மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டு, மழைக்காக அந்த மருந்துக் கடையில் ஒதுங்கியிருந்தான். நாலு நாள் ஜலதோஷம் இன்றைக்கு இடது காதில் இறங்கியிருந்தது. வண்டு புகுந்த மாதிரி குடைச்சல்.

"பஞ்சு மட்டும் குடுங்க. பூண்டு எண்ணெ கையிலயே கீது, ஊத்திக்கிறேன்" என்றுதான் முதலில் கேட்டான்.

கடைப்பெண் நிமிர்ந்தாள். மழை ஈரத்தில் விளக்கொளி விழுந்தது போல் கண்கள்...

"ஊத்தாதீங்க. உள்ள சவ்வு கிழிஞ்சிருந்தா வம்பு. சாப்ட்டு மாத்திர போடுங்க. துணிய வெதுவெதுப்பா காதுமேல வைங்க. தலைய ஒசத்தி வச்சிப் படுங்க. காய்ச்சலோ சீழோ வந்தா நேரா டாக்டர்கிட்ட போங்க. ரெண்டு நாளு வேலைக்குப் போவாதீங்க."

"போவலன்னா சோறு நீங்க போடுவீங்களா?"

"குறையற காச வேணா போடறேன்."

பின்னால் நின்றவர் சிரித்தார். ஜவஹருக்கு முகம் சுட்டது. வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். தரையின் மட்டம் பார்க்கும் கருவி. அது இல்லாமல் ஒரு கல் பதிக்க முடியாது.

"அடகு. சும்மா எவன் காசும் வேணாம்."

வேண்டாம் என்பாள் என்று நினைத்தான். அவளோ அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்கண்ணா" என்று அடுத்தவரிடம் திரும்பினாள்.

கல் நெஞ்சுக்காரி...

கண்ணகி நகர் வீட்டில் இரண்டு நாள் படுத்துக்கிடந்து திட்டினான். பதினெட்டு ரூபாய் பக்கத்து வீட்டிலேயே கிடைத்திருக்கும். ஏனோ கேட்கவில்லை. காதில் சூட்டுத் துணியை வைத்தபோதெல்லாம் அந்தக் கண்கள்தான் வந்தன...

மூன்றாம் நாள் வலி விட்டிருந்தது. வெளியே மறுபடி மழை. மருந்துக் கடை மேசையில் பதினெட்டு ரூபாயை எண்ணி வைத்தான்.

"கயலு, அவரோட சாமானக் குடும்மா" என்றார் முதலாளி வேதாந்தம். "அன்னிக்கே உன் காசப் போட்டு பில்லு முடிச்சிட்டியே, அப்புறம் எதுக்கு அடகு?"

ஜவஹர் அவளைப் பார்த்தான். அவள் ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இது கையில இருந்தா மறுநாளே வேலைக்கு ஓடிருப்பீங்க. அதான்..."

எண்ணி வைத்த காசை அவள் பக்கம் நகர்த்தினான்.

"உன்னத் திட்டிக்கினே கெடந்தேன். திட்டறதுக்காவது உன்ன நெனக்கணும்ல... இப்ப நெனக்காம இருக்க முடியல, கயலு."

அவள் குனிந்தாள்.

"வர்ற எல்லாரையும் அண்ணான்னுதான் கூப்புடுவேன். உங்கள ஒரு தடவகூட அப்புடிக் கூப்புடல... கவனிக்கலியா?"

"அன்னிக்குக் காது அடச்சிருந்திச்சி."

"இப்ப?"

"நல்லா கேக்குது."

பதினெட்டு ரூபாயை அவன் பக்கமே தள்ளினாள். "ரெண்டு டீ வாங்கியாங்க. சூடா குடிச்சா தொண்டைக்கு நல்லது."

"பத்தாதே..."

"குறையறத நான் போடறேன். இந்தத் தடவ எதையும் அடகு வைக்காதீங்க."