அடைப்பைத் திறந்த வீடு

பாலவாக்கத்துத் தென்னந்தோப்பைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டுச் சண்முகவடிவு அடையாற்று வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கி, மாமரங்களுக்கு நடுவே நடந்து வந்து கேட்டைத் திறந்தாள். செருப்பைக் கழற்றியதும், வழக்கம்போல "அப்பா, வந்துட்டேன்" என்று சொல்ல வாயெடுத்து, சட்டென்று மூடிக்கொண்டாள். மனுஷர் போய் நாலு மாதம் ஆகிறது. நாக்குக்கு அது இன்னும் உறைக்கவில்லை, என்ன செய்ய?

கனகராஜ் என்றால் அந்தக் காலத்தில் அடையாற்றுக்குத் தெற்கே தெரியாதவர் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, தோப்பும் மனையுமாகச் சேர்த்தவர். கடைசிக் காலத்தில் யாரோ தூபம் போட்டுச் சினிமா எடுக்கப் போனார். படம் பாதியில் நின்றுவிட்டது, வட்டி மட்டும் நிற்கவே இல்லை. அவர் கண்ணை மூடியதும், ஒவ்வொன்றாக விற்றுக் கடனை அடைக்கிற வேலை மகள் தலையில் விழுந்தது. அண்ணன் கருணாகரன் பம்பாயிலிருந்து அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பி, எல்லாவற்றையும் நீயே பார்த்துச் செய் என்றுவிட்டான். பெரிய மனசுதான், போங்கள்!

கோட்டூர் மனை போயிற்று, தோப்பும் இன்றைக்குப் போயிற்று. பீரோவையும் மேஜை நாற்காலிகளையும் மூர் மார்க்கெட்காரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இந்த வீடுதான். வைகாசி முடிவதற்குள் இதை விற்றுக் கடைசிக் கடனையும் அடைத்துவிட்டால், அவள் ஒருத்தி ஒதுங்க ஓர் அறைக்கும் கஞ்சிக்கும் ஆகிற அளவு கையில் நிற்கும். இல்லாவிட்டால் கோர்ட் அமீனா வந்து வாசலில் தமுக்கடித்து, அப்பா பேரைத் தெருவெல்லாம் கூவி, அடிமாட்டு விலைக்கு ஏலம் விடுவான். இளவயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். நாற்பது வயதுக்கு மேல் இனி யார் வீட்டு வாசலில் போய் நிற்பாள்?

வாங்க ஆளும் கிடைத்தது. ஆனால் அப்பா படுத்திருந்த தெற்கு அறை குறுக்கே நின்றது.

கனகராஜ் உயிர்விட்ட நேரம் சதய நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தில் போனவர்களுக்கு அடைப்பு உண்டு. உயிர் பிரிந்த அறையைப் பூட்டி, நிலைப்படியில் இலந்தை முள் போட்டு, ஆறு மாதம் திறக்கக் கூடாது. அந்த ஆறு மாதமும் போனவருக்கு மேலே வழி திறக்காது என்பார்கள். தையில் பூட்டிய கதவை ஆடியில்தான் திறக்கலாம். வடிவு தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தக் கதவுக்கு முன்னால் ஓர் அகலை ஏற்றி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுக்களைக்குப் போய்விடுவாள்.

வீட்டுத் தரகர் கங்காதரன் மறுநாள் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மாம்பலத்தில் துணிக்கடை வைத்திருக்கிற ஜவஹர் என்பவருக்கு வீடு பிடித்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.

"அடைப்பு கீற வூட்ட எவன்மா வாங்குவான்?" என்றார் மெல்ல. "பார்ட்டி உங்க ஊர்ப்பக்கத்து ஆளுங்க. பூட்டிக்கினு இருந்தா இன்னா ஏதுன்னு தோண்டுவாங்க. கதவத் தொறந்து கழுவி விட்டுடு. சும்மா தொறந்து வெச்சாலும் பூட்டுன வாசன வரும். நீயே அதுல பட்த்துக்கோ. ஆளு பொழங்கற ரூமுன்னு தெரியணும்."

வடிவு சாஸ்திரத்துக்கு விரோதம் என்று சொல்லிப் பார்த்தாள். சாஸ்திரம் ஏலத்தை நிறுத்துமா என்று கேட்டுவிட்டுக் கங்காதரன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த ஆள் கேட்டதிலும் தப்பு இல்லையே.

புதன்கிழமை காலையில், நல்ல வெளிச்சம் வந்த பிறகு, முள்ளை எடுத்துத் தோட்டத்தில் எறிந்துவிட்டுப் பூட்டைத் திறந்தாள்.

பூட்டிக் கிடந்த நெடி எதுவும் இல்லை. அப்பாவின் கர்ப்பூராதித் தைல வாசனைதான் வந்தது, சற்று முன்னால்தான் யாரோ முழங்காலில் தேய்த்துக்கொண்டதுபோல. கட்டில் அப்படியே கிடந்தது. பூட்டுகிற அன்று தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருந்தாள். சித்திரை வெயிலெல்லாம் அடித்து ஓய்ந்த பிறகு அதில் என்ன இருக்கப்போகிறது என்று எடுத்தாள்.

சொம்பு கனத்தது.

விளிம்பு தட்டத் தண்ணீர் இருந்தது. எடுத்த வேகத்தில் பாதி அவள் புடவையில் கொட்டியது. ஜில்லென்று இருந்தது.

பாத்திரம் தேய்க்க வந்த கோவிந்தம்மா தோட்டத்தில் கிடந்த முள்ளைப் பார்த்துவிட்டாள். அடுக்களைப் பக்கம் வராமல் கொல்லைப்படியிலேயே நின்றுவிட்டாள். பல வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்தவள். சம்பளம் கூட வேண்டாம், ஆடி கழிந்ததும் வருகிறேன் என்றாள். வடிவு எவ்வளவோ கெஞ்சினாள்.

"இன்னா காரியம் பண்ணிட்ட தாயி," என்றாள் கோவிந்தம்மா, குரலை இறக்கி. "அடைப்புல போனவங்க தொணைக்கு ஆளு தேடுவாங்க. எது வந்து கேட்டாலும் வாயத் தொறக்காத. பதில் குடுத்தின்னா ஒட்டிக்கும்."

அவளும் போய்விட்டாள். அவ்வளவு பெரிய வீட்டில் வடிவு தன்னந்தனியாக நின்றாள். வாய்விட்டு அழலாம்போல இருந்தது, அழுதாலும் கேட்க ஒரு நாதி வேண்டுமே. அறையைக் கழுவினாள். தன் படுக்கையைக் கொண்டுபோய் அப்பாவின் கட்டிலில் விரித்தாள், கொடியில் தன் புடவையைப் போட்டாள், ஜன்னலில் சீப்பும் கண்ணாடியும் வைத்தாள். பார்க்கிறவர்களுக்கு ஆள் புழங்குகிற அறைதான்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். கனகராஜுக்கு ஒரு பழக்கம் உண்டு. விளக்கு வைத்ததும் வீடு முழுக்க ஒரு சுற்று வருவார். வாசல் கதவு, கூடம், சாமான் அறை, அடுக்களை, கொல்லைக் கதவு என்று ஒவ்வொரு தாழ்ப்பாளையும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். சொத்துச் சேர்த்தவர் புத்தி, வேறென்ன! கடைசியில் மகள் இருக்கிற அறை வாசலில் வந்து நின்று இரண்டு தடவை இருமுவார். "உள்ளதான் இருக்கேன்ப்பா" என்று அவள் சொல்லவேண்டும். சொன்னால் தன் அறைக்குப் போய்ப் படுப்பார். சொல்லாவிட்டால் அங்கேயே நிற்பார். புருஷனை இழந்து அவள் வந்து சேர்ந்த நாளிலிருந்து, படுக்கையில் விழும்வரை, ஒரு நாள் தவறியதில்லை.

அன்று அந்தி சாய்ந்தது. ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாடையோடு காற்று வந்தது. வடிவு கட்டிலில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

வாசல் தாழ்ப்பாள் ஆடியது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். காற்று ஒரு தடவையோடு நிற்குமா?

கூடத்துத் தாழ்ப்பாள் ஆடியது. கொஞ்சம் பொறுத்து, சாமான் அறை. பிறகு அடுக்களை. நடுவில் காலடிச் சத்தமே இல்லை, ஒரு கிழவர் நடக்க ஆகிற நேரம் மட்டும் ஆனது. கொல்லைக் கதவு. அது கொஞ்சம் இறுகிப்போன தாழ்ப்பாள், அதை மட்டும் இரண்டு தடவை ஆட்டுவார்.

இரண்டு தடவை ஆடியது.

தைல வாசனை அறை வாசலில் வந்து நின்றது.

இருமல்.

இன்னொரு இருமல்.

வடிவு புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். திறந்திருந்த கதவுக்கு வெளியே கூடத்து பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஒருவரும் இல்லை. ஆனால் யாரோ நிற்கிறார்கள், பதிலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. மடியில் காயும் கத்தியுமாக அப்படியே உறைந்து கிடந்தாள்.

மறுநாளும் வந்தது. பயந்தாள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் நாலு மாதத்தில், அவள் உள்ளே இருக்கிறாளா என்று கேட்க வந்தது அது ஒன்றுதான். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பகலில் ஜவஹரும் அவர் மனைவி ஜெயபாரதியும் வந்தார்கள். கங்காதரன் ஜவஹரைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்க் கிணறு, மாமரம், எல்லைக்கல் என்று காட்டிக்கொண்டிருந்தார். ஜெயபாரதி தனியாக அறை அறையாகப் பார்த்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள். நல்ல கலகலப்பான பெண். வீடு மனசுக்குப் பிடித்துவிட்டது என்றாள்.

பிறகு வடிவின் காதருகே வந்தாள்.

"தெக்கு அறையில ஒரு பெரியவுக கட்டில்ல உக்காந்திருக்காவளே, யாருக்கா அது? வாங்கன்னு கும்புட்டேன். ஒண்ணும் பேசல."

வடிவு மோர் டம்ளரைக் கையில் எடுத்தாள். யாருமில்லை என்று சொன்னால் அந்தப் பெண் அலறுவாள். வீடு கைவிட்டுப் போகும். தமுக்குச் சத்தம் வாசலில் கேட்பதுபோல இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"எங்க சித்தப்பா. பேச்சு வராது."

"பாவம். வீட்டைக் கொடுத்துட்டா அவுகளை என்ன செய்வீங்க?"

"நான் போகையில என்கூடவே கூட்டிட்டுப் போயிருவேன்."

சொன்ன மாத்திரத்தில் தெற்கு அறையில் கட்டில் கிறீச்சிட்டது, யாரோ எழுந்ததுபோல. ஜெயபாரதி அதைக் கவனிக்கவில்லை. டம்ளரை வாங்கி மோரைக் குடித்தாள்.

அன்று அந்தியில் தாழ்ப்பாள் எதுவும் ஆடவில்லை. மறுநாளும் ஆடவில்லை. தைல வாசனையும் போய்விட்டது. வீடு வெறும் செங்கல் சுண்ணாம்பாகிவிட்டது. வடிவுக்கு அப்பாடா என்றிருந்தது. வயிறாரச் சோறு தின்று தூங்கினாள்.

கிரயம் முடிந்தது. கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு, தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இனி அப்பா பேரைச் சொல்லி ஒருத்தனும் ஒரு சொல் சொல்ல முடியாது. அந்த ஒரு நிம்மதிக்காக எதை வேண்டுமானாலும் பட்டிருக்கலாம் என்று தோன்றியது. சாவி கொடுத்த அன்று, சித்தப்பா எங்கே என்று ஜெயபாரதி கேட்டாள். முன்னாலேயே அனுப்பிவிட்டதாக வடிவு சொன்னாள்.

மேற்கு மாம்பலத்தில், ஸ்டேஷனை ஒட்டிய சந்தில், வரிசையாகக் குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டில் கடைசி அறை அவளுக்குக் கிடைத்தது. ஓர் அறை, ஒரு ஜன்னல், பொதுக் குழாய். வீட்டுக்காரி அபயாம்பாள் கறார்ப் பேர்வழி. ஒண்டி ஆள் என்று சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டுத்தான் சாவியைக் கொடுத்திருந்தாள். மற்றக் குடித்தனக்காரர்கள் ஆபீஸும் ரயிலுமாக ஓடுகிறவர்கள். எதிரே பார்த்தால் ஒதுங்கி வழி விடுவார்கள், அவ்வளவுதான். வடிவு ஒரு நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, அதை இரவு படுக்கும்போதுதான் உணர்ந்தாள்.

ஆனி பிறந்த சில நாளில், குழாயடியில் அபயாம்பாள் அவளை நிறுத்தினாள்.

"ஒண்டிக்கட்டைன்னு சொல்லித்தானே குடிவந்தேள்? அப்புறம் யார் அந்தப் பெரியவர்?"

வடிவு குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஒத்தாசைக்கு இருந்துட்டுப் போறார்னா சொல்லியிருக்கலாமோல்லியோ? விளக்கு வெச்சதும் ஒவ்வொரு போர்ஷன் தாழ்ப்பாளையா ஆட்டிப் பாத்துண்டு வரார். குழந்தைகள்ளாம் மிரள்றது. ரெண்டு பேர்னா வாடகை வேற, ஆமா."

வடிவு குடத்தை அங்கேயே விட்டுவிட்டு அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தக்கூடத் தோன்றவில்லை, வெறுமனே ஒருக்களித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். வெளியே குழந்தைகளை உள்ளே கூப்பிடுகிற சத்தம் ஓய்ந்தது. விளக்குகள் எரிந்தன.

முதல் போர்ஷன் தாழ்ப்பாள் ஆடியது.

அடுத்தது ஆடியது.

அடுத்தது.

தைல வாசனை ஒருக்களித்த கதவின் இடுக்கில் வந்தது. இரண்டு இருமல் கேட்டது. வாயைத் திறக்காதே என்ற கோவிந்தம்மாவின் சொல் வடிவுக்கு நன்றாகவே நினைவிருந்தது. தலைப்பை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். இந்த ஊரில், இந்தச் சந்தில், அவள் உள்ளே இருக்கிறாளா வெளியே கிடக்கிறாளா என்று கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? கண் நிறைந்து, தலைப்பு கையிலிருந்து நழுவிற்று.

"உள்ளதான் இருக்கேன்ப்பா," என்றாள்.

இந்தப் பதிலைக் கேட்டால் அப்பா எப்போதும் தன் அறைக்குப் போய்விடுவார்.

இந்த வீட்டில் அவருக்கு வேறு அறை இல்லை.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. வடிவு பாயைவிட்டு அசையவில்லை. உட்பக்கத்துத் தாழ்ப்பாள் ஏறியது, பிறகு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஓர் ஆட்டு ஆடி நின்றது.