நாலாவது கிழங்கு

விசாலாட்சி கப்பலை விட்டு இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. எழுபதாம் வருஷம், ஐப்பசி பிறந்து நாலு நாள். கையில் ஒரு தகரப்பெட்டி, கக்கத்தில் சுருட்டிய பாய். நாலு நாள் கடலில் வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இளைச்சுட்டீங்க" என்றாள். பிள்ளையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை.

எங்கள் மகள் அலமு செத்து அப்போது ஒன்றரை வருஷம். ஐந்து வயசு. மூளைக்காய்ச்சல். அவள் ஊரில் செத்தாள், நான் போர்ட் பிளேரில் இருந்தேன்.

டெலானிபூர் மேட்டில் எனக்கு சர்க்கார் கொடுத்திருந்தது ஒரு பலகை வீடு. தகரக் கூரை, முன்னால் நடை, ஒரே அறை, பின்பக்கம் அடுப்படி. நான் ரோடு ரோலர் ஓட்டுகிறவன். ஆறு வருஷம் அந்த வீட்டில் தனியாகக் கிடந்தேன். வருஷத்தில் பாதி நாள் இங்கே துணி காயாது. ஈரச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொரு ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். தீய்ந்த சோற்றைத் தின்பேன். யாரையும் வீட்டுக்குள் சேர்க்கமாட்டேன். சேர்த்தால் என்னத்தையாவது தூக்கிக்கொண்டு போவார்கள்.

விசாலாட்சி வந்த பத்தாம் நாள் அது வேறு வீடு.

அடுப்புக்கு மேலே குறுக்காக ஒரு கொடி கட்டினாள். என் சட்டை, வேட்டி எல்லாம் அதில் காய்ந்தன. விடிகாலையில் அந்தச் சட்டையைப் போட்டால் முதுகெல்லாம் சூடாக இருக்கும். புகை வாசனை அடிக்கும். இந்தச் சுகத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மழைக்கு ரோலர் ஓடாது, மூன்று நாலு மணிக்கே வந்துவிடுவேன். சுக்குத் தட்டிப் போட்ட கருப்பட்டி டீ கொடுப்பாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு நாலு எடுத்து சாம்பலில் புதைப்பாள், ஆளுக்கு இரண்டு. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பேசினால் காது கேட்காது. அது எனக்கு சௌகரியமாக இருந்தது.

ஏனென்றால் அந்தக் குடித்தனம் ஒரு பொய்யின் மேல் நின்றது.

தீவிலிருந்து லீவு வாங்க அப்போது ஒரே வழி தந்தி. ஊருக்கு முன்னாலேயே எழுதிப் போடுவோம். தாய் சீரியஸ், உடனே வா என்று அவர்கள் அடிப்பார்கள். எல்லாரும் செய்ததுதான். பியூன் தந்தியை நீட்டும்போதே, "இஸ் மஹீனா கிஸ்கா மா மரா?" என்று சிரிப்பான். இந்த மாசம் யாருடைய அம்மா செத்தாள் என்று கேட்கிறானாம். என் அம்மாவை நான் இரண்டு தரம் சாகக் கிடத்தியிருக்கிறேன். ஒரு தரம் அலமு பிறந்ததைப் பார்க்க, ஒரு தரம் அவளுக்கு மொட்டை போட. இரண்டாம் தரம் திரும்பி வந்தபோது, இன்னொரு தந்தி வந்தால் வேலை போய்விடும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

மூன்றாவது தந்தி நான் கேட்காமல் வந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்து வீட்டு மத்தியாஸ் படித்துச் சொன்னான். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரன், படகுக்குப் பலகை அடிக்கிறவன். "அலமு சீரியஸ்னு போட்டிருக்கு. கெளம்பும் ஓய்" என்றான்.

நான் சிரித்தேன். விசாலாட்சியும் வித்தையைக் கற்றுக்கொண்டாள் என்று அவனிடம் சொல்லிச் சிரித்தேன்.

அன்றைக்கு துறைமுக ஜெட்டியில் கப்பல் நின்றது. மறுநாள் மதியம் மெட்ராசுக்குப் புறப்பட்டது. நான் ரோலரில் உட்கார்ந்தபடி அது ஊதுவதைக் கேட்டேன்.

எட்டு நாள் கழித்து அடுத்த தந்தி வந்தது. புயலில் கம்பி அறுந்துபோய் முதல் தந்தி என் கைக்கு வரவே இல்லை என்று ஊருக்கு எழுதிப் போட்டேன். விசாலாட்சி அதை நம்பினாள். நம்பியதால்தான் கப்பல் ஏறினாள். மத்தியாஸ் அவள் வருவதற்கு முன்பே, ஆவணியில், தெற்குத் தீவான ஹட் பேக்குக் காடு வெட்டும் வேலைக்குப் போய்விட்டான். தை பிறக்காமல் வரமாட்டான். அவன் இல்லாதது எனக்கு நிம்மதி.

ஒரு சாயங்காலம் கிழங்கு எடுக்கும்போது மூன்றுதான் இருந்தது.

சாம்பலைக் கிளறினேன். இல்லை. விசாலாட்சி நாலு போட்டதை நான் பார்த்தேன். எலியாக இருக்கும் என்றேன். அவள் தன் பங்கில் ஒன்றை எனக்குத் தந்தாள். மறுநாளும் மூன்று. அதற்கு மறுநாளும். விறகு அடுக்கியிருந்த மூலையில் தோல் கிடந்தது. எலி தோலை உரித்துவிட்டுத் தின்னுமா? கையில் எடுத்துப் பார்த்தேன். பல்லால் கடித்து உரித்த தோல். சின்னப் பல்.

தோல் இன்னும் சூடாக இருந்தது.

மத்தியாஸ் வீட்டுப் பிள்ளைகள்தான் என்று முடிவு செய்தேன். நேரே போய் அவன் பெண்டாட்டி ரோசலினிடம் கேட்டேன். அவள் மீன் உரசிக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஏன் அண்ணாச்சி, எம் புள்ளைய ரெண்டும் நாலு நாளா காய்ச்சல்ல கெடக்கு. ஒங்க வீட்டுக் கிழங்கத் திங்கவா எந்திரிச்சு வரும்? வீட்டுக்காரி வந்த பொறவும் இந்த சந்தேகப் புத்தி ஒங்களுக்குப் போவலியே."

நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போகலாம் என்று விசாலாட்சியை முன்னால் அனுப்பிவிட்டு, அடுப்படித் தரை முழுக்கச் சாம்பலைச் சலித்துத் தூவினேன். ஜன்னலை அடைத்தேன். கதவுக்குப் பூட்டு. சாவி என் இடுப்பில்.

நாலரை மணிக்குத் திரும்பினோம். வானம் கறுத்துக் கிடந்தது. பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. திறந்தேன்.

உள்ளே கதகதப்பாக இருந்தது. காலையில் தண்ணீர் தெளித்து அவித்த அடுப்பில் கங்கு கிடந்தது.

சாம்பலில் கால் தடம்.

கதவிலிருந்து வரவில்லை. ஜன்னலிலிருந்தும் வரவில்லை. அடுப்பு வாயிலிருந்து தொடங்கி, நான் உட்காருகிற மணை வரைக்கும் வந்து நின்றது. திரும்பிப் போன தடம் இல்லை. என் உள்ளங்கை நீளம்கூட இல்லாத கால்.

குனிந்து பார்த்தேன். இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடந்தது.

என் கால் அப்படித்தான். என் அப்பா காலும் அப்படித்தான். அலமு பிறந்தபோது அந்தக் காலைத் தூக்கிக் காட்டித்தான் உன் பிள்ளை என்று என் கையில் கொடுத்தார்கள்.

விசாலாட்சி உள்ளே வருவதற்குள் அவசர அவசரமாகக் காலால் தேய்த்தேன்.

"ஏன் அழிக்கிறீங்க?" பின்னால் அவள் குரல். சத்தமே போடாமல், தூங்குகிற பிள்ளை பக்கத்தில் பேசுகிற மாதிரி கேட்டாள். "புதுசா வந்தவளா அவ? கப்பல்லயே எங்கூடத்தான வந்தா."

அதற்குப் பிறகு அவள் ஐந்து கிழங்கு போட ஆரம்பித்தாள்.

பயந்தேனா என்றால் பயந்தேன். மூன்று நாள் அடுப்படிக்குள் போகவில்லை. ஆனால் நடையில் உட்கார்ந்தால் சாரல் அடிக்கிறது, உள்ளே விசாலாட்சி சிரிக்கிற சத்தம் கேட்கிறது. வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. உள்ளே போனேன். அடுப்பு எரிந்தது. அவள் முகம் தெளிந்திருந்தது. என் மணையை இழுத்துப் போட்டு டீயைக் கையில் கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போது என் வலது பக்கம் விலாவில் ஏதோ சாய்ந்தது. கனம் இல்லை. சூடு. காய்ச்சல்காரப் பிள்ளையின் சூடு.

நான் அசையவில்லை.

இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுகமாக இருந்தது. ஒரு மாசம் அப்படிப் போனது. மழை, டீ, சூடான சட்டை, விலாவில் அந்தச் சாய்மானம். பெற்ற பிள்ளையோடு மொத்தமாகவே இரண்டு மாசம் இருந்தவன் நான். செத்த பிறகாவது வீட்டுக்கு வந்தாளே என்று நினைத்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, சின்னப் பிள்ளை என்றும் நினைத்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

கார்த்திகைக்கு விசாலாட்சி நடையில் ஆறு விளக்கு வைத்துவிட்டுப் பணியாரம் ஊற்றினாள். வெல்லமும் ஏலக்காயும் எண்ணெயும் கலந்து வீடே மணத்தது. வெளியே காற்றும் மழையும். நான் நாலு பணியாரம் தின்று ஐந்தாவதைக் கையில் எடுத்தேன். அவள் குச்சியால் பணியாரத்தைத் திருப்பியபடி, என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

"அலமு ஒண்ணு கேக்கறா."

"என்ன?"

"மத்தியாஸ் அண்ணன் தந்தியப் படிச்சுக் காட்டினப்ப அப்பா ஏன் சிரிச்சாருன்னு."

விலாவில் இருந்த சூடு விலகியது. அந்த இடம் சட்டென்று குளிர்ந்தது.

மத்தியாஸ் சொல்லியிருக்கிறான், வேறு யார் சொல்ல முடியும் என்று கத்தினேன். மழையில் இறங்கி ரோசலின் வீட்டுக்கு ஓடினேன். உன் புருஷன் வந்தானா, கடிதம் போட்டானா, தந்தியைப் பற்றி என் பெண்டாட்டியிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவள் கதவைப் பாதி திறந்துகொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஹட் பேயிலிருந்து மாசம் ஒன்றாகக் கப்பலே வரவில்லை என்றாள். அப்புறம் கேட்டாள்.

"என்ன தந்தி அண்ணாச்சி?"

அவள் முகத்தில் பொய் தேடினேன். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தபோது நடையில் விளக்கு ஆறும் அணைந்திருந்தது. அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. பலகை இடுக்கு வழியாக அடுப்பு வெளிச்சம் தெரிந்தது. வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டு கதவைத் தட்டினேன். உள்ளே எண்ணெய் பொரிகிற சத்தம் நின்றது.

"பொய்த் தந்தின்னு நெனச்சேன் விசாலாட்சி" என்றேன். "வேலை போயிடும்னு பயம்."

பிறகு கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"அன்னிக்குக் கப்பல் நின்னுச்சா?"

அப்போதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்குப் புரளவில்லை.

"நின்னுச்சு."

அவள் அழவில்லை. என்னை ஏசவில்லை. ஊருக்குப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் நான் காலில் விழுந்து தடுத்திருப்பேன், அதிலாவது ஏதோ இருந்திருக்கும். "பிள்ளைக்கு இங்க குளிரல. நாங்க இங்கயே இருக்கோம். நீங்க வெளிய இருங்க" என்றாள்.

ஒன்பது வருஷம் அப்படித்தான் இருந்தேன். சோறு, குழம்பு, டீ எல்லாம் நேரத்துக்கு வரும், நடைக்கு வரும். மடித்த சட்டை வரும், ஆனால் அது ஈரக் கல்லில் கிடந்ததுபோல் சில்லென்று இருக்கும். அடுப்படிக்குள் நான் காலை வைத்தால் எரிகிற விறகு புகையாகி அணைந்துவிடும். திரும்பி வெளியே வந்தால் பிடித்துக்கொள்ளும். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தபின் போர்ட் பிளேருக்கு வெளியே சௌல்தாரியில் கொஞ்சம் நிலம் வாங்கி ஒரு பலகை வீடு கட்டினேன். வீடு மாறினால் விட்டுவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு. குடிபோன அன்று சாயங்காலமே அடுப்படியில் இரண்டு பேர் பேசுகிற சத்தம் கேட்டது.

போன புரட்டாசியில் விசாலாட்சி ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். மஞ்சள் காமாலை. கடைசிவரை பக்கத்தில் இருந்தேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை, தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாக் காரியமும் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இனி அந்த அடுப்படி என்னுடையது, நானே அடுப்பு மூட்டிக் குளிர்காய்வேன் என்று நினைத்தேன். அழுகிறதை விட்டுவிட்டு அதைத்தான் நினைத்தேன்.

கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

தள்ளினேன், அசையவில்லை. கடப்பாரையால் நெம்பினேன், பலகையில் கீறல்கூட விழவில்லை. ஆள் கூட்டி வந்தேன். அவன் ஒரு கையால் திறந்தான், உள்ளே ஒன்றும் இல்லை, சாம்பல் ஆறிக் கிடந்தது. அவன் போனதும் கதவு என் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. இதை யாரிடமும் சொல்லி ஆகப்போவதில்லை.

இப்போது ஐப்பசி. தினம் நாலு மணிக்கு அடுப்படிக் கூரையில் புகை எழும்புகிறது. எனக்கு டீ வருவதில்லை. எடுத்து உடுத்த உலர்ந்த துணி ஒன்றில்லை, இருமல் விடவில்லை. நேற்று பெருமழை. நடை முழுக்கச் சாரல். வெட்கத்தை விட்டுக் கதவில் வாயை வைத்துக் கேட்டேன். "விசாலாட்சி, நனைஞ்சுட்டேன். ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். திற."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. சின்னக் குரல் ஒன்று, வாயில் எதையோ மென்றுகொண்டே கேட்டது.

"வெளிய யாரும்மா?"

"யாரோ. மழைக்கு ஒதுங்கியிருக்காங்க" என்றாள் விசாலாட்சி. "நீ ஆறறதுக்குள்ள சாப்பிடு."