யார் அனுப்பிய சாவி?

கீச்சுவின் அம்மா பத்திரிகை நிருபர். எதற்கும் அசராதவர். அன்றைக்கு மட்டும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கீச்சு, கொஞ்சம் சும்மா இருடி. முக்கியமான வேலை!"

சும்மா இரு என்று சொன்ன இடத்தில்தான் கீச்சுவுக்கு வேலை இருக்கும். மெல்லத் திரையை எட்டிப் பார்த்தாள். ஒரு பெரிய குழாயிலிருந்து சிவப்புச் சாயத்தண்ணீர் ஏரியில் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயய்யே! இது நம்ம ஏரியாம்மா?"

"ஆமா. சாயத் தொழிற்சாலையில வேலை பார்க்கிற ஒருத்தர் துணிஞ்சு எடுத்துக் கொடுத்த படம். இதையும் அவர் பேரையும் எடிட்டருக்கு அனுப்பணும். வேற யார் கையிலயாவது கிடைச்சா அவர் வேலை போயிடும்."

எடிட்டர் வெளியூரில் இருந்தார். அதனால் அம்மா எல்லாவற்றையும் வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்டி, மெயிலில் அனுப்பப் போகிறார்.

அந்தப் பூட்டு கீச்சுவுக்கு அத்துப்படி. பள்ளிக் கணினி மன்றத்தில் அவளும் தோழி குண்டூசியும் அதை வைத்துத்தான் விளையாடுவார்கள். ஆளுக்கு இரண்டு சாவி. பொதுச் சாவியை ஊருக்கே கொடுக்கலாம். அதை வைத்துப் பூட்டத்தான் முடியும். திறக்கிற தனிச் சாவி உரியவரிடம் மட்டுமே இருக்கும். குண்டூசியின் பொதுச் சாவியால் பூட்டிவிட்டால், பூட்டிய கீச்சுவாலேயே அதைத் திறக்க முடியாது! வெறும் கணக்கை வைத்து இப்படி ஒரு பூட்டைச் செய்தவர்களை நினைத்தாலே அவளுக்குப் புல்லரிக்கும். அவர்கள் அதில் பூட்டி அனுப்பியதெல்லாம் கணக்கு டீச்சரின் கொண்டையைப் பற்றித்தான் என்பது வேறு விஷயம்.

"எந்த முறையில பூட்டணும்னு கேக்குது. இந்தப் பழசே இருக்கட்டும்" என்றார் அம்மா.

"வேண்டாம்மா! அதை உடைக்கிற வழியைக் கண்டுபிடிச்சுட்டாங்க. கீழே இருக்கிற புதுசைப் போடு. பெரிய பெரிய ஆளெல்லாம் முட்டி மோதிப் பார்த்தும் அது இன்னும் அசையலை."

அம்மா மாற்றினார். 'அனுப்பு' என்ற பொத்தானை நோக்கி விரல் போனது.

"இரும்மா! இது எடிட்டர் மாமா சாவிதானா?"

"அவரோடதுதான். பழைய சாவி தொலைஞ்சு போச்சாம். காலையில மெயில்ல புதுசு அனுப்பியிருக்கார். போன் நம்பரும் மாத்திட்டாராம்."

"அவர்தான் அனுப்பினார்னு எப்படித் தெரியும்?"

"அவர் பேர்லதானே வந்திருக்கு?"

"என் பேர்ல குண்டூசி ஒரு மெயில் அனுப்பினா. 'நான் ஒரு கழுதை'ன்னு! போன் பண்ணிக் கேட்டுடும்மா. பாவம், அந்தத் தொழிற்சாலை மாமா உன்னை நம்பித்தானே படத்தைக் கொடுத்தார்?"

அம்மா போனை எடுத்து மெயிலில் இருந்த எண்ணை அழுத்தப் போனார். கீச்சு சட்டென்று கையைப் பிடித்தாள்.

"அந்த நம்பர் வேண்டாம்! அதுவும் அதே மெயில்லதானே வந்துச்சு? பழைய நம்பருக்குப் போடு."

மணி அடித்தது. எடிட்டரின் கரகரத்த குரல் கேட்டது.

"நம்பரை மாத்தினேனா? யாரும்மா சொன்னது? நான் மெயிலே அனுப்பலையே! என் சாவி பத்திரமா இருக்கு."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. யாரோ விஷயத்தை மோப்பம் பிடித்து, தங்களுடைய சாவியை எடிட்டர் பெயரில் அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் எல்லாம் அந்த ஆள் கையில்!

"மாமா, எதுக்கும் உங்க சாவியோட கைரேகையைப் படிங்க. எங்ககிட்ட இருக்கிற பழைய சாவியோட ஒத்துப் பார்க்கிறேன்" என்றாள் கீச்சு.

ஒவ்வொரு சாவிக்கும் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான அடையாளம் உண்டு. அதற்குத்தான் கைரேகை என்று பெயர். அவர் படிக்கப் படிக்க, கீச்சு திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தாள். கடைசி எழுத்துவரை அச்சு அசலாகப் பொருந்தியது. அந்தச் சாவியால் பூட்டி அம்மா அனுப்பினார்.

"திறந்துட்டேன்! படமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு" என்றார் எடிட்டர். "ஏம்மா, உன் பொண்ணை நம்ம ஆபீசுல சேர்த்துக்கலாமா?"

"முதல்ல அஞ்சாம் வகுப்பைத் தாண்டட்டும் சார்" என்ற அம்மா, போனை வைத்ததும் கீச்சுவை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த வாரமே படங்கள் முதல் பக்கத்தில் வந்தன. அதிகாரிகள் வந்து குழாயை அடைத்தார்கள். படம் எடுத்தவரின் பெயர் எங்கேயும் வரவில்லை.

ஒரு மாலை அம்மாவும் கீச்சுவும் தொழிற்சாலை வழியாகப் பேருந்தில் போனார்கள். வேலை முடிந்து ஆட்கள் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"இதுல அவர் யாரும்மா? எனக்கு மட்டும் சொல்லேன்."

"ஊஹூம். உனக்கும் கிடையாது."

கீச்சு சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஆசை தீர டாட்டா காட்டினாள்.